தேயிலை ஆபீஸ் கணினிகளும் எம்டிடியும்: ஆறு வருட அனுபவம்

கோத்தகிரி பக்கம் மூன்று தேயிலைத் தொழிற்சாலைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பல கணினிகளில் விண்டோஸ் நிறுவ உதவும் கருவியான மைக்ரோசாஃப்ட் டிப்ளாய்மென்ட் டூல்கிட், சுருக்கமாக எம்டிடி, ஆறு வருடமாக என் கையில் இருக்கிறது. காசு கொடுக்காமலே கிடைத்தது. விண்டோஸ் ஏறும்போதே, இந்தக் கணினிக்கு எந்த மென்பொருள் வேண்டும் என்று பார்த்து அதுவே நிறுவிக்கொள்ளும். அந்த ஒரு வசதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ்களில் எல்லாக் கணினிக்கும் ஒரே வேலை கிடையாது. கணக்கு அறைக்கு டேலி, தமிழ் எழுத்துரு, பிரின்டர் டிரைவர் போதும். பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்துக்குப் போகிற லேப்டாப்புக்கு எடை மென்பொருள், அது ஓடுவதற்குக் கேட்கும் டாட்நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள், தராசை இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் கேபிளின் டிரைவர் எல்லாம் வேண்டும். முன்பு விண்டோஸ் போட்டுவிட்டு, தாளில் எழுதிய பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுவேன். ஒருமுறை கேபிள் டிரைவரை மறந்துவிட்டேன். காலையில் விவசாயிகள் மூட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். எடை போடும் அண்ணன் போனில், "தம்பி, தராசுல எடை காட்டுது, கம்ப்யூட்டர்ல ஏறமாட்டேங்குது" என்றார். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நோட்டில் எழுதினார்கள். கிலோவுக்குத்தான் அவர்களுக்குப் பணம். அவசரத்தில் ஓர் எண் மாறினால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். அன்றைக்கே தாளை விட்டுவிட முடிவு செய்தேன்.

எம்டிடியில் நிறுவும் வேலைகளை வரிசையாக அடுக்கி வைப்பதை டாஸ்க் சீக்வென்ஸ் என்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஆப்ஷன்ஸ் என்றொரு பக்கம் உண்டு. அங்கே நிபந்தனை போடலாம். கேதர் என்ற படி, கணினியின் மாடல், நினைவக அளவு, லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்பதையெல்லாம் தானாகத் துருவி எடுத்து மாறிகளில், அதாவது பெயரிட்ட மதிப்புகளாக, வைத்துவிடும். 'இஸ்லேப்டாப்' என்ற மாறி 'ட்ரூ' என்று இருந்தால் மட்டும் எடை மென்பொருளை நிறுவு என்று ஒரு வரி போட்டால், டெஸ்க்டாப்பில் அந்தப் படியைத் தாண்டிப் போய்விடும். கேபிள் டிரைவரை எடை மென்பொருளின் டிபென்டன்சியாக, அதாவது முன்தேவையாக, சேர்த்துவிட்டேன். டிரைவர் முதலில் ஏறிய பிறகுதான் மென்பொருள் ஏறும். இனி மறக்க வழியே இல்லை.

ஆனால் லேப்டாப்பா என்ற கேள்வி மட்டும் போதவில்லை. மேனேஜர் கையில் இருப்பதும் லேப்டாப்தான், அவருக்கு எடை மென்பொருள் எதற்கு? ரவுட்டரின் முகவரியை வைத்து இடம் பிரிக்கும் வழியும் எம்டிடியில் இருக்கிறது. கிளைகள் பல உள்ளவர்களுக்கு அருமையான வழி, எனக்கு உதவாது. எல்லாக் கணினிக்கும் ஒரே மேசையில், ஒரே ரவுட்டருக்குக் கீழேதான் விண்டோஸ் போடுகிறேன். கடைசியில் எம்டிடியின் விதிகள் இருக்கும் கஸ்டம்செட்டிங்ஸ் கோப்பில் சொந்தமாக ஒரு மாறியை அறிவித்து, எடைக்குப் போகிற லேப்டாப்புகளின் சீரியல் எண்ணுக்குக் கீழே மட்டும் அதற்கு 'யெஸ்' என்று மதிப்புக் கொடுத்தேன். புது லேப்டாப் வந்தால் நான்கு வரி சேர்ப்பேன், அவ்வளவுதான்.

மாடல் பெயரை வைத்து நிபந்தனை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். சில கம்பெனிகளின் கணினியில் மாடல் என்ற இடத்தில் வெறும் எண்ணும் எழுத்தும்தான் இருக்கும். கட்டளைத் திரையில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டு மாடல்களைத் தனித்தனி நிபந்தனையாகக் கீழே கீழே போட்டால், இரண்டுமே உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். ஒரு கணினி ஒரே நேரத்தில் இரண்டு மாடலாக எப்படி இருக்கும்? ஏதாவது ஒன்று உண்மையானால் போதும் என்று சொல்லும் 'எனி' என்ற குழுவுக்குள் இரண்டையும் வைக்க வேண்டும். இது புரியாமல் ஒரு மாலை முழுக்கப் போனது. பிழை என்று எந்தச் செய்தியும் வராது, படி அமைதியாகத் தாண்டப்பட்டுவிடும். எஸ்எம்எஸ்டிஎஸ் என்ற பதிவுக் கோப்பைத் திறந்து, நிபந்தனை பொய்யானதால் படி தவிர்க்கப்பட்டது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பதிவுக் கோப்பு இவ்வளவு தெளிவாகப் பேசுவது இந்தக் கருவியின் பெரிய பலம்.

அப்புறம், மலைக்கு இது பொருந்துவதற்கு முக்கியக் காரணம் இணையம் வேண்டாம் என்பது. ஐப்பசி மழையில் மரம் விழும், லைன் போகும், இரண்டு நாள் கூட வராது. இணையம் வழியாகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனிலும் இதுபோல விதிகள் போட்டு மென்பொருள் அனுப்பலாம், ஆனால் அதற்கு இணையம் நிலையாக இருக்க வேண்டும். எம்டிடியில் எல்லாக் கோப்பும் என் மேசைக்குக் கீழே உள்ள சர்வரிலேயே கிடக்கிறது. டாட்நெட் 3.5 கூட விண்டோஸ் மூலக் கோப்புகளிலிருந்தே ஏறுகிறது. தேவைப்பட்டால் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி எடை போடும் இடத்துக்கே கொண்டுபோகலாம். நிபந்தனைகள் அங்கேயும் அப்படியே வேலை செய்யும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடைசிப் பதிப்பு 8456, 2019 ஜனவரியில் வந்தது. ஆதரவுப் பட்டியலில் விண்டோஸ் 11 இல்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால் நான் விண்டோஸ் 11-க்கு மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. எம்டிடியோடு சேர்த்து நிறுவ வேண்டிய ஏடிகே தொகுப்பின் புதுப் பதிப்பில், நிறுவலைத் தொடங்க பூட் செய்யும் சிறு விண்டோஸான விண்டோஸ் பிஇயின் எக்ஸ்86 (32-பிட்) வடிவம் இல்லை. அதனால் எம்டிடியில் விண்டோஸ் பிஇ பக்கத்தைத் திறந்தாலே பிழை வரும். ஏடிகேயின் விண்டோஸ் பிஇ கோப்புறைக்குள் x86 என்றும், அதற்குள் WinPE_OCs என்றும் வெற்றுக் கோப்புறை உருவாக்கி வைத்தால் சரியாகிவிடும். இன்னொரு கவலை பெரியது. எம்டிடி பெரும்பாலும் விபிஸ்கிரிப்ட் என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர், நல்ல இணையமும் இருந்தால், இதற்குள் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு விட வேண்டாம். என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. போன வாரம் எடைக்காக ஒரு லேப்டாப் வந்தது. சீரியல் எண்ணைச் சேர்த்து, நெட்வொர்க் வழியாக பூட் செய்து, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து கேபிளைச் செருகினேன். தராசு காட்டிய எடை திரையிலும் அப்படியே வந்தது.