தக்காளிக்காரர்களின் செயலி: விலைக்குப் பார்க்கலாம், மருந்துக்கு வேண்டாம்

எங்கள் பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் வாட்ஸ்அப்புக்குப் பக்கத்திலேயே இந்தச் செயலி இருக்கும். பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியோடு வம்புக்கு நிற்க எனக்கு நேரமில்லை, காய் பறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. எதைச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது: வானிலை, மண்டி விலை, கேள்வி-பதில் குழு. வானிலை மற்ற இடங்களில் பார்ப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. விலை இப்போது அரசின் அக்மார்க்நெட் தளத்திலிருந்து அப்படியே வருகிறது. குவிண்டால் கணக்கில் இருக்கும், பெட்டிக்கு எவ்வளவு என்று நாமே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பரவாயில்லை, பொய் இல்லை.

ஜனங்கள் இதை இறக்கியதே மூன்றாவதற்காக, அந்தக் குழுவுக்காக. அதை நடத்தியது கம்பெனி இல்லை. ஆறு விவசாயிகள், சம்பளமில்லாத அட்மின்கள். அதில் நானும் ஒருத்தி. ஆகவே இந்த விமர்சனத்தில் என் கோபமும் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அட்மின் வேலை என்றால் ஏதோ பதவி மாதிரி தெரியும். ராத்திரி சாப்பிட்டு முடித்துப் போனை எடுத்தால் விதைக் கம்பெனி விளம்பரம், கடன் தருகிறேன் என்பவன், சாதிச் சண்டை, ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளித்தான் உண்மையான கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இன்னும் மோசம். ராயக்கோட்டையில் பெட்டி இவ்வளவு என்று ஆளாளுக்கு ஒரு விலை. அன்றைய மண்டிச் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால்தான் விலைப்பதிவை விட்டுவைப்போம் என்று விதி வைத்தோம். மருந்துக்கும் ஒரு விதி: டப்பா லேபிளின் படம் வேண்டும், அதில் பதிவு எண் இருக்க வேண்டும், தக்காளிக்கு என்று எழுதியிருக்க வேண்டும். இது நாங்களாகக் கிளப்பியது இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாத மருந்தை விற்கவே கூடாது.

சண்டை வந்தது ஒரு காயால். காரிமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர் படம் போட்டிருந்தார். காம்புப் பக்கம் நன்றாக இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் கறுத்துத் தோல் மாதிரி குழிந்திருக்கிறது. தக்காளிக்காரர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள், இது பூஞ்சாணமே இல்லை. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான்: நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சுவது. தண்ணீரைச் சீராக விட வேண்டும், சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட் கொடுக்கலாம். அதைப் பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் திரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும், தனியாகத்தான் விட வேண்டும். ஏற்கெனவே கறுத்த காய் தேறாது, பறித்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

இதை நாங்கள் எழுதுவதற்குள் பச்சை டிக் போட்ட ஒரு ‘நிபுணர்’ பதில் வந்துவிட்டது. இன்ன பூஞ்சாண மருந்தை வாரம் ஒரு முறை மூன்று தடவை அடியுங்கள், கீழே இருக்கும் பட்டனை அழுத்தினால் வீட்டுக்கே வரும் என்று. லேபிள் படம் இல்லை. விதிப்படி நீக்கினேன். மறுநாள் காலை அது திரும்ப வந்து குழுவின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. இன்னொரு அட்மின் சூளகிரி அண்ணன் நீக்கினார், மறுபடி வந்தது. அப்புறம் பெங்களூரு ஆபீஸிலிருந்து எனக்குப் போன்.

“மேடம், அது பார்ட்னர் பதிவு. நீங்க டெலிட் பண்ணக் கூடாது.”

“தம்பி, அது தண்ணிப் பிரச்சினை. மூணு தடவை மருந்து அடிச்சா அவருக்குக் காசுதான் போகும், காய் அப்படியேதான் இருக்கும்.”

“புரியுது மேடம். ஆனா அது பிசினஸ் டீம் முடிவு.”

பையன்மேல் தப்பில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னான். அந்த வாரமே பச்சை டிக் பதிவுகளில் எங்களுக்கு நீக்கும் பட்டனே காணாமல் போனது. நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று மேலே எழுதுங்கள், அட்மின் நீக்கியதைத் திரும்பப் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அவ்வளவுதான். பதில் வரவில்லை. காவேரிப்பட்டணத்து அண்ணனின் மகன் ஓசூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ரெட்டிட் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய இணைய அரட்டைத் தளம், அதன் அட்மின்கள் செய்த மாதிரி செய்யுங்கள் என்று யோசனை சொன்னான். புதுக்கேள்வி வராதபடி குழுவைப் பூட்டினோம். விடிவதற்குள் ஆறு பேருக்கும் அட்மின் அதிகாரம் போய்விட்டது.

ரெட்டிட்டில் என்ன நடந்தது என்று அதற்கப்புறம்தான் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிச் செயலிகள் அதன் தகவலை எடுத்துப் பயன்படுத்த கம்பெனி புதுக் கட்டணம் போட்டது. அப்போலோ என்ற செயலியை நடத்தியவர் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினார். 2023 ஜூன் 12 அன்று 8,000-க்கும் மேற்பட்ட குழுக்களை அட்மின்கள் மூடினார்கள். தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் அட்மின்களைப் பரம்பரை நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டார். (இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர், “நம்ம ரெண்டு ஏக்கருக்கு நீயும் ஜமீன்தார் ஆயிட்டியா” என்றார்.) திறக்காவிட்டால் ஆளை மாற்றுவோம் என்று கம்பெனி மிரட்டியது, பெரும்பாலானவர்கள் திறந்துவிட்டார்கள், கட்டணம் மட்டும் மாறவே இல்லை. 2024 மார்ச்சில் பங்குச் சந்தைக்குப் போனபோது, தகுதியுள்ள அட்மின்கள் 34 டாலர் வெளியீட்டு விலைக்கே பங்கு வாங்கலாம் என்றார்கள். காசு கொடுத்து வாங்கத்தான், சும்மா இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. கணினிக்காரர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அதே ஜூனில் அட்மின்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில்களை நீக்குவதற்குக் கம்பெனி கடிவாளம் போட்டதுதான் காரணம். தப்பான பதிலை நீக்க விடமாட்டேன் என்ற அதே சங்கதி. அங்கே உட்கார்ந்து பேசினார்கள், ஆகஸ்டில் உடன்பாட்டோடு முடிந்தது. அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவைக் கம்பெனியில் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள் 1999-இல் கூலி கேட்டுக் கோர்ட்டுக்கே போய், 2010-இல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நாங்கள் கூலி கேட்கவில்லை.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. சர்வருக்குக் காசு கட்டுவது அவர்கள். விளம்பரம் இல்லாமல் ஓடாது. எங்களிலும் ஒருவர் ஏற்கெனவே பதில் சொன்ன கேள்வியை யாராவது மறுபடி கேட்டால் திட்டித் துரத்துவார். சும்மா செய்கிற வேலையில் இது என்னுடையது என்ற நினைப்பு சீக்கிரம் வந்துவிடும். அதற்காக அந்த ஒருவரை மாற்றியிருக்கலாமே, யார் வேண்டாம் என்றது?

இப்போது குழு எப்படி இருக்கிறது? இலைச்சுருள் வந்த செடியின் படத்தைச் சும்மா போட்டுப் பார்த்தேன். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்த செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது, பிடுங்கி அழித்துவிட்டு மற்றச் செடிகளில் ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். எனக்கு வந்த முதல் பதில், “வைரஸை வேரோடு அழிக்கும்” ஒரு பாட்டில், பச்சை டிக்கோடு. குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பினேன். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, குறித்த நாளுக்குள் தீர்வு தர வேண்டும். ஒப்புகை உடனே வந்தது. தீர்வு என்று வந்தது, “உங்கள் மேலான கருத்துக்கு நன்றி.”

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று விலைக்கு, இன்னொன்று பழைய பதிவுகளுக்கு. நோய் என்றால் செடியைப் பிடுங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். பழைய அட்மின்கள் நாங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் போன வருஷத்துப் படம் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. அதனால் எவ்வளவு கோபம் இருந்தாலும் செயலியை நான் இன்னும் அழிக்கவில்லை. தேடும் இடத்தில் நோயின் பெயரைப் போட்டு, ‘பழையவை முதலில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பச்சை டிக் இருந்தால் தாண்டிக் கீழே போங்கள், லேபிள் படம் உள்ள பதில் கிடைக்கும்.