டிராக்கில் ஓட்ட எந்த டயர்? மூன்று வகைகளை அருகருகே வைத்து ஓர் அலசல்

சொந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தய டிராக்குக்குக் கொண்டுபோகிற எல்லோரும் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே வேகமான டயர் எது?" என்பதுதான். அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்கச் சொல்வேன். இருபது நிமிட செஷனில் மூன்றாவது லேப்பில், அதாவது மூன்றாவது சுற்றில், அந்த டயர் எப்படி இருந்ததோ, பத்தாவது லேப்பிலும் அப்படியே இருக்கிறதா? பந்தயத்தில் முன்வரிசையில் நிற்கப் போட்டி போடுபவருக்கு ஒரே ஒரு வேகமான லேப் போதும். நமக்கு நாள் முழுக்க ஓட்ட வேண்டும், ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் அதே டயரில்தான் மாலையில் வீட்டுக்கும் திரும்ப வேண்டும். டயரின் பிடிப்பு லேப்புக்கு லேப் மாறிக்கொண்டே இருந்தால், தவறு நம் கையிலா டயரிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வகைகளுக்குள் போவதற்கு முன் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்) இருக்கும் டிரெட்வேர் எண்ணை, அதாவது தேய்மான எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அது அமெரிக்க அரசு கொண்டுவந்த தர முறை. டெக்சஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றிப் பொதுச் சாலைகளில் சுமார் 640 கி.மீ. நீளமுள்ள ஒரு வழித்தடம் இருக்கிறது. சோதிக்க வேண்டிய டயரையும் ஒப்பீட்டு டயரையும் மாட்டிய வண்டிகள் அதில் வரிசையாக, மொத்தம் 11,500 கி.மீ. அளவுக்கு ஓடும். அப்புறம் தேய்மானத்தை அளப்பார்கள். ஒப்பீட்டு டயருக்கு 100 என்றால், அதைப்போல இரண்டு மடங்கு உழைக்கும் டயருக்கு 200. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் எந்த எண்ணை அச்சிடுவது என்று முடிவு செய்வது தயாரிப்பாளரேதான். அமெச்சூர் பந்தயப் பிரிவுகள் பலவற்றில் "200க்குக் கீழ் கூடாது" என்று விதி வந்த பிறகு, நிறுவனங்கள் மிக ஒட்டும் ரப்பரைச் செய்து அதன்மேலும் 200 என்றே போடத் தொடங்கின. ஆக, ஒரு டயர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இந்த எண் உதவும். ஒரே 200 போட்ட இரண்டு டயர்களில் எது நீடிக்கும் என்று அது சொல்லாது.

300ஐ ஒட்டியவை

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் (300), கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02 (340) போன்றவை இந்தக் கூட்டம். சாலைக்காகச் செய்யப்பட்ட நல்ல கோடைக்கால டயர்கள். டிராக்கில் இவற்றின் பெரிய குணம், பேசும். எல்லையை நெருங்கும்போதே கீச்சிடும். எல்லையைத் தாண்டினாலும் மெல்லத்தான் வழுக்கும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். முதல் பத்து டிராக் நாள்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஒட்டும் டயரை முதல் நாளே மாட்டியவர்கள் வேகமாகப் போவார்கள், சரி. ஆனால் பிரேக்கை எங்கே விடுவது, ஸ்டியரிங்கை எவ்வளவு மென்மையாகத் திருப்புவது என்பதையெல்லாம் டயரே மூடி மறைத்துவிடும்.

குறை, சூடு. சாலை டயரின் டிரெட் கட்டைகள் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) உயரமானவை, ஆழமான பள்ளங்களால் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கட்டைகள் சாய்ந்து நிமிர்கின்றன. அந்த அசைவே ரப்பருக்குள் சூடாக மாறுகிறது. நாலைந்து லேப்பில் கார் எண்ணெயில் போவதுபோல் ஆகிவிடும். இன்னும் அழுத்தினால் வெளிப்பக்கத் தோளில் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்யும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போல ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் காரில் இது அவ்வளவாகத் தெரியாது. 1,700 கிலோ காரில் இரண்டே நாளில் தெரியும். இதனால்தான் பாதி தேய்ந்த சாலை டயர் காய்ந்த டிராக்கில் புது டயரைவிட நன்றாக இருக்கிறது: கட்டை குட்டையாகிவிட்டதால் அசைவு குறைவு, சூடும் குறைவு.

200க்குள் நடக்கும் உண்மையான போட்டி

என்னைக் கேட்டால் அலசல் சூடுபிடிக்கும் இடம் இதுதான். மூன்று டயர்களை எடுத்துக்கொள்கிறேன்: யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4. மூன்றிலும் 200 என்றுதான் போட்டிருக்கும். மூன்றும் மூன்று வெவ்வேறு பிறவிகள்.

ஏ052 சட்டென்று சூடாகும். டிராக்குக்குள் நுழைந்த முதல் லேப்பிலேயே பிடிப்பு முழுதாகக் கிடைக்கும், ஈரத்திலும் வியக்கும்படி ஒட்டும். கூம்புகளுக்கு நடுவே சிறிது நேரமே ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டிகளிலும், ஒரு லேப்பை மட்டும் கணக்கெடுக்கும் டைம் அட்டாக்கிலும் இதை விரும்புவதற்குக் காரணம் அதுவே. ஆனால் இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் அதே மென்மையான ரப்பர் மிதமிஞ்சிச் சூடேறி வழுக்கும், கண்ணெதிரே தேயும். நல்ல இரண்டு லேப், பிறகு ஆறவிட ஒரு லேப் என்று ஓட்டுகிற பொறுமை உள்ளவருக்கே இது பொருந்தும்.

ஆர்இ-71ஆர்எஸ், 2015இல் வந்து பெயர்பெற்ற ஆர்இ-71ஆரின் வாரிசு. இதில் எனக்குப் பிடித்தது ஸ்டியரிங். சைடுவால் விறைப்பானது. கை திரும்பிய மறுகணம் மூக்கு திரும்பும், நடுவில் தயக்கமே இருக்காது. ஏ052 அளவுக்கு அவசரமாகத் தளராது என்றாலும், வெயிலில் நீண்ட செஷனின் கடைசி லேப்களில் இதுவும் களைத்துப்போகும்.

ஆர்எஸ்4 ஒரு லேப் வேகத்தில் இந்த இரண்டையும் எட்டாது. முதல் லேப்பில் மரக்கட்டை மாதிரி இருக்கும், இரண்டாவது லேப்பில்தான் விழிக்கும். குளிரிலும் மழையிலும் அதை நம்பி அழுத்த எனக்கு மனம் வராது. ஆனால் சூடேறிய பிறகு அது மாறவே மாறாது. பத்தாவது லேப்பிலும் அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் திருப்பம், அதே பிடிப்பு. மணிக்கணக்கில் ஓடும் அமெச்சூர் எண்டியூரன்ஸ் அணிகள் இதை விரும்பி வாங்குவது இந்த நிதானத்துக்காகவும், நாள்கணக்கில் தேயாமல் நிற்பதற்காகவும்தான். சாலையிலும் டிராக்கிலும் ஒரே செட்டை வைத்துக்கொண்டு, ஓட்டத்தை மேம்படுத்த நினைக்கிறவருக்கு நான் கைகாட்டுவது இதையே. நேரப் பட்டியலில் இரண்டு இடம் கீழே இறங்கினாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

100ம் அதற்குக் கீழும்

டோயோ புரொக்சஸ் ஆர்888ஆர் (100), ஹூசியர் ஆர்7 (40) இங்கே வருகின்றன. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2வில் 180 என்று அச்சிட்டிருந்தாலும் குணத்தில் அதுவும் இந்தப் பக்கம்தான். போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்கள் ஆலையிலிருந்தே கப் 2வோடு வருகின்றன. மூன்றில் சாலையோடு ஒத்துப்போவதும் அதுதான். ஆர்888ஆர் சாலையில் இரைச்சல், டிராக்கில் உறுதி. ஆர்7 கிட்டத்தட்ட ஸ்லிக் (பள்ளமே இல்லாத பந்தய டயர்), விதிக்காகக் கீறிய பள்ளங்கள் மட்டும் ஓடும். அதைச் சாலையில் ஓட்டவே கூடாது. தனி சக்கரங்களில் மாட்டி எடுத்துப்போய் டிராக்கில் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வகை டயர்கள் தேய்வதற்கு முன்பே சாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடாகி ஆறுகிற ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகும், டிரெட் மிச்சமிருக்கும்போதே பிடிப்பு போய்விடும்.

இந்த வகைக்குத் தாவும்முன் கார் தயாரா என்று பார்க்க வேண்டும். பிடிப்பு கூடினால் நீண்ட வளைவில் எண்ணெய் எல்லாம் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியின்) ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சினால் எஞ்சின் பேரிங் போய்விடும். பிரேக்கும் வீல் பேரிங்கும் முன்பு சுமக்காத பாரத்தைச் சுமக்கும். ஆலையில் வைத்த குறைந்த கேம்பரோடு (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் கோணம்) ஓட்டினால் முன் டயரின் வெளித்தோள் மட்டும் தேய்ந்து, உள்பாதி புதிதாகவே கிடக்கும். எல்லைக்கு அருகில் இவை அதிகம் கத்துவதும் இல்லை. பிடித்துக்கொண்டே இருந்து திடீரென்று விடும், அதுவும் அதிக வேகத்தில். பணத்தை மிச்சம் பிடிக்க முன்னால் இவற்றையும் பின்னால் சாலை டயரையும் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நடு வளைவில் பின்புறம்தான் முதலில் கிளம்பும்.

எந்த வகையானாலும் காற்றழுத்தம் தவறினால் மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் வீண். முதல்முறை ஒட்டும் டயர் மாட்டியபோது சாலைக்கு வைக்கும் 32 பிஎஸ்ஐயிலேயே நான் கிளம்பினேன். செஷன் முடிந்து உள்ளே வந்து பார்த்தால் 40. டயர் மோசம் என்று நாள் முழுக்க நொந்துகொண்டிருந்தேன், பாவம், டயர் என்ன செய்யும்! வெப்பம் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும் என்பது எளிய கணக்கு. ஆகவே குறி வைக்க வேண்டியது சூட்டு அழுத்தத்துக்கு, அதாவது ஓடிச் சூடேறிய டயரில் இருக்கும் அழுத்தத்துக்கு. உள்ளே வந்தவுடன் அளந்து, அதிகமானதை இறக்குங்கள். முடிந்தால் ஊசி வைத்த பைரோமீட்டரால் (வெப்பம் அளக்கும் கருவியால்) டிரெட்டின் உள், நடு, வெளி என மூன்று இடத்திலும் ரப்பருக்குள் குத்தி அளந்து பாருங்கள். மேற்பரப்பை மட்டும் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி பாதிக் கதையைத்தான் சொல்லும், ஏனென்றால் கார் டிராக்கை விட்டு நிறுத்துமிடத்துக்கு (பிட்) வருவதற்குள் மேற்பரப்பு ஆறிவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடென்றால் காற்று அதிகம். வெளிப்பக்கம் அதிகமென்றால் கேம்பர் போதவில்லை. மாலையில் கிளம்பும்போது மறக்காமல் மறுபடி காற்றை ஏற்றுங்கள், இறக்கிய டயர் ஆறிய பிறகு சாலைக்குப் போதாத அளவுக்குக் குறைந்திருக்கும்.

வாங்கும்போது சைடுவாலின் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உறைநிலைக்குக் கீழ் போகும் இடத்தில் ஒட்டும் டயரை வைக்காதீர்கள், டிரெட்டில் விரிசல் விழும்.

அப்புறம் மழை. தண்ணீர் தேங்கிய டிராக்கில் மேலே சொன்ன வரிசை தலைகீழாகிவிடும். ஆர்7 மிதக்கும், ஆர்888ஆர் தடுமாறும், கப் 2 கவலை தரும். பள்ளம் ஆழமாக இருக்கும் பைலட் ஸ்போர்ட் 4எஸ் தண்ணீரைப் பிளந்துகொண்டு அமைதியாக ஓடும். ஒட்டும் டயருக்கு மாறிய பிறகும் என் பழைய 300 செட்டை விற்காமல் சக்கரத்தோடு வைத்திருக்கிறேன். வானம் இருட்டினால் அதைத்தான் காரில் மாட்டிக்கொண்டு போகிறேன்.