12 அடி எலும்புக்கூடு வாங்கப் போய் நான் பட்ட அடி

ஹாலோவீனுக்கு வீட்டு முன்னால் நிறுத்த எலும்புக்கூடு தேடிக்கொண்டிருப்பவர்கள், கார்டு எண்ணைத் தட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான். 2024இல் எனக்கு நடந்தது. போன பணம் ஒன்றும் மலையல்ல, 119 டாலர் 97 சென்ட். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாமல் ஓடிப்போகும் பழைய ஏமாற்று இல்லை இது. அனுப்பினார்கள். அனுப்பியதில்தான் ஏமாற்றே இருந்தது.

நாங்கள் இருப்பது மத்திய நியூஜெர்சியில். செப்டம்பர் பாதியிலேயே எங்கள் தெருவில் பேய்கள் முளைக்க ஆரம்பித்துவிடும். எதிர்வீட்டுக்காரர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், அமெரிக்கர், தனியாள். அவர் வீட்டு யார்டில் நிற்பதுதான் தெருவுக்கே பெரியது. ஹோம் டிப்போ என்ற பெரிய கடை 2020இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த 12 அடி எலும்புக்கூடு. அப்போது விலை 299 டாலர். கண்குழிக்குள் விழிகள் உருளும். தெருமுனையில் கார் திரும்பும்போதே மாடி ஜன்னல் உயரத்துக்கு அதன் தலை தெரியும்.

எங்கள் வீட்டில் அதுவரை இரண்டு பூசணிக்காயும் புதர்மேல் இழுத்துவிட்ட பஞ்சுச் சிலந்தி வலையும்தான். (அந்த வலையையும் இப்போது விட்டுவிட்டோம். ஒரு சிட்டுக்குருவி அதில் கால் சிக்கித் தவித்ததைக் கத்தரிக்கோலோடு போய் விடுவித்த பிறகு மனசு வரவில்லை. போடுவதானால் போர்ட்டிகோவுக்குள் போடுங்கள், புதரிலும் மரத்திலும் வேண்டாம்.) பையனுக்கு எட்டு வயது. “அம்மா, நம்ம வீட்டுக்கு எப்பம்மா அது?” என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பான். 299 டாலரைப் பொம்மைக்குப் போட எனக்கு மனசு இல்லை. போடலாம் என்று ஒருமுறை துணிந்தபோது கடையில் தீர்ந்துபோயிருந்தது. கோடையிலேயே வாங்கிவிட வேண்டும் என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இந்த இடத்தில்தான் அவர்கள் வலை விரிக்கிறார்கள். அசல் கடையில் இருப்பு இல்லை, பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம், குழந்தை நச்சரிக்கிறது. செப்டம்பர் 15, ஞாயிறு இரவு, கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகும்போது வந்தது விளம்பரம். கிடங்கைக் காலி செய்கிறார்களாம். 12 அடி எலும்புக்கூடு 69.99 டாலர். படத்தில் ஒரு வீடு, புல்வெளி, எலும்புக்கூட்டின் இடுப்புக்குக் கீழே ஓர் ஆள் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எதிர்வீட்டில் நிற்பதன் உடன்பிறப்பு மாதிரியே இருந்தது. இருக்காதா பின்னே, அசலின் படத்தைத்தானே திருடிப் போட்டிருந்தார்கள்.

பக்கத்தின் மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, 14 நிமிஷம் சொச்சம். கீழே “மூன்றுதான் மிச்சம்” என்று சிவப்பில். காற்றடைத்து நிற்கும் எட்டடிப் பேய் ஒன்றும் 39.99க்கு இருந்தது, அதையும் கூடையில் போட்டேன். அனுப்பும் கூலி 9.99. அந்தக் கூலியைப் பார்த்தே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக்கு அது வந்த பெட்டியை நான் கண்ணால் பார்த்தவள். ஓர் ஆள் தனியாகத் தூக்க முடியாத பெட்டி. அதைப் பத்து டாலருக்கு யார் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள்? அந்த நேரத்தில் அந்தக் கணக்குப் போடத் தோன்றவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததே! (அப்புறம் ஒருநாள் அதே பக்கத்தைத் திறந்தேன். கடிகாரம் மறுபடியும் 15 நிமிஷத்திலிருந்து இறங்கத் தொடங்கியது.)

முதலில் சந்தேகப்பட்டது என் கணவர். கிரெடிட் கார்டு கணக்கில் கடையின் பெயர் வரவில்லை, வாயில் நுழையாத வேறு ஏதோ நிறுவனத்தின் பெயர். கூடவே வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.60. “கிடங்கு நியூஜெர்சில இருக்குன்னு போட்டிருக்கான், கட்டணம் ஏன் வெளிநாட்டுக்கு?” என்றார். நான் சமாளித்துவிட்டேன். அன்றைக்கே, இணைய முகவரிகளை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தளத்தில் அந்தக் கடையின் இணைய முகவரியைப் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது, எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்று வந்துவிடும். நான் அக்டோபரில் பார்த்தேன். “இருபது வருஷப் பாரம்பரியம்” என்று பெருமையடித்த கடை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பார்சல் வந்தது அக்டோபர் 9, நவராத்திரி நடுவில். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள், கூடத்தில் ஐந்து படி கொலு, அடுப்பில் கடலைச் சுண்டல். தபால் பெட்டிக்குள் ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் உறை. தபால் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்தால், என் முழங்கை நீளத்துக்குக்கூட வராத ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, தலையில் தொங்கவிட ஒரு நூல். டேப் வைத்து அளந்தேன். சரியாக 12 அங்குலம்.

பையன் அழவில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, “இதைக் கொலுவுல வெக்கலாமா பாட்டி?” என்றான். அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். “நாளும் கிழமையுமா எலும்புக்கூட்ட வாங்கி வெச்சிருக்கீங்க, இதுல கொலுவுல வேறயா? ஏண்டி, காசு குடுத்தா வாங்கின இத?”

அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினேன். விடிவதற்குள் பதில், “அன்பான நண்பரே” என்று. கிடங்கில் தவறு நடந்துவிட்டதாம், பொருளை நானே வைத்துக்கொள்ளலாமாம், 15 சதவீதம் திருப்பித் தருகிறார்களாம். மறுத்தேன். 30 சதவீதம். மறுபடி மறுத்தேன். 45. முழுப் பணமும் வேண்டுமென்றால் சீனாவில் உள்ள ஒரு முகவரிக்கு என் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்தச் செலவும் பேரத்தில் மிஞ்சும் தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். இந்தப் பேரம்தான் உண்மையான பொறி. 45க்குத் தலையாட்டிவிட்டால் “வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டுவிட்டார்” என்று அந்த மின்னஞ்சலையே வங்கிக்குக் காட்டிவிடுவார்கள். முடியாது, முழுப் பணம் வேண்டும் என்று இரண்டே வரி எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். நானோ கோபத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் பக்கம் படித்தது ஏதாவது இயந்திரமாகத்தான் இருக்கும்.

எட்டடிப் பேய் கதை வேறு. அது வரவே இல்லை. ஆனால் தபால் துறையின் தளத்தில் கடைக்காரர் கொடுத்த பார்சல் எண்ணைப் போட்டால், எங்கள் ஊரிலேயே, எங்கள் ஜிப் கோடிலேயே (நம்மூர் பின்கோடு மாதிரி), அக்டோபர் 11ஆம் தேதி பட்டுவாடா ஆகிவிட்டது என்று காட்டியது. வாசலில் யாராவது எடுத்துப்போயிருப்பார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீடுகளில் எல்லாம் விசாரித்தேன். எதிர்வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினார். அதே ஊரில் வேறு யாரோ ஒருவர் முகவரிக்கு ஓர் உப்புச்சப்பில்லாத பொட்டலத்தை அனுப்புவார்கள். அந்த எண்ணை உங்களுக்குக் கொடுப்பார்கள். எண்ணைப் போட்டால் ஊர் மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது. வங்கி கேட்டால் “இதோ போய்ச் சேர்ந்துவிட்டதே” என்று காட்டுவார்கள். தபால்காரர் கையில் உள்ள ஸ்கேனரில் எந்த இடத்தில் கொடுத்தார் என்பது பதிவாகியிருக்கும், உள்ளூர் அலுவலகத்தில் போய்க் கேள் என்றார்.

போனேன். யார் வீட்டுக்குப் போனது என்று சொல்ல மாட்டேன் என்றார் கவுண்டரில் இருந்த பெண்மணி. ஆனால் உங்கள் முகவரிக்கு இல்லை என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்.

இனி வங்கி விவகாரம். நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். சொன்னபடி பொருள் வரவில்லை, அல்லது வரவே இல்லை என்றால் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் தகராறு எழுப்ப இங்கே சட்டமே இருக்கிறது. அந்தத் தொகை முதலில் வரும் கணக்கறிக்கையை அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள், எழுத்தில் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். ஹாலோவீன் முடியட்டும் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தால் அந்த நாள்களில் பாதி போயிருக்கும். பண்டிகைச் சாமான்களில் இவர்கள் நம்பியிருப்பதே அதைத்தான். நவம்பர் 1 வந்துவிட்டால் யாருக்கும் எலும்புக்கூட்டு ஞாபகம் இருக்காது. இதே ஊரில் என் தோழி ஒருத்தி இதேபோன்ற இன்னொரு கடைக்கு, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாகப் பணம் அனுப்பிவிட்டாள். அவளுக்கு ஒரு சென்ட்கூடத் திரும்பவில்லை. முன்பின் தெரியாத கடைக்கு ஸெல் கூடவே கூடாது. கையிலிருந்து கையில் கொடுத்த ரொக்கம் மாதிரி அது.

வங்கி முதலில் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் போட்டது, ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொண்டது. விற்பவர் ஆதாரம் கொடுத்துவிட்டாராம், பட்டுவாடா ஆனதற்கு. நான் விடவில்லை. டேப்போடு சேர்த்து எடுத்த எலும்புக்கூட்டுப் படம், தபால் அலுவலகத் தாள், அப்புறம் அவர்களே அனுப்பிய ஆர்டர் மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். விளம்பரத்தைப் படம் பிடித்து வைக்கத் தவறிவிட்டேன், அக்டோபர் கடைசியில் அந்தத் தளமே காணாமல் போயிருந்தது. நல்லவேளை, ஆர்டர் மின்னஞ்சலில் “12 அடி” என்று எழுத்தில் இருந்தது. நீங்கள் என்ன வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் விளம்பரப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அரை நொடி வேலை. ஜனவரியில் 109.98 திரும்பியது. அனுப்பும் கூலியும் வெளிநாட்டுக் கட்டணமும் சேர்த்து 13.59 போனது போனதுதான். நுகர்வோர் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான எஃப்டிசியின் தளத்தில் புகாரும் பதிவு செய்தேன். அவர்கள் ஒவ்வொருவர் பணத்தையும் மீட்டுத் தர மாட்டார்கள், புகார்களைச் சேர்த்து வைத்து வழக்குகளுக்குப் பயன்படுத்துவார்கள். ஐந்து நிமிஷம்தான் ஆனது.

அந்த வருஷம் ஹாலோவீனும் தீபாவளியும் ஒரே நாள், அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த அக்டோபர் முழுக்க நியூஜெர்சியில் ஏறக்குறைய மழையே இல்லை, காய்ந்த இலைகள் யார்டு முழுக்கச் சரசரத்துக்கொண்டிருந்தன. அலங்காரத்துக்கு என்ன செய்வது என்று தவித்தபோது அம்மாதான் பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய நாலு முழ வேட்டிகள் மூன்றை எடுத்துக் கொடுத்தாள். பந்து வைத்துத் தலை கட்டி, மேப்பிள் மரத்தில் தொங்கவிட்டு, கீழிருந்து விளக்கடித்தால் சும்மா சொல்லக் கூடாது, நிஜப் பேய்தான். காற்றுக்குக் கரை மட்டும் பளிச்சென்று தெரியும். மயில்கண் கரை போட்ட பேய் அந்தத் தெருவிலேயே எங்களுடையதுதான். முகம் குடைந்த பூசணிக்காயைப் பார்த்துவிட்டு அம்மா, “இது நம்மூர் திருஷ்டிப் பூசணிதானே, நாம வரைவோம், இவா செதுக்கறா” என்று சமாதானமாகிவிட்டாள். செத்தவர்கள் வந்துபோகும் நாள் என்று பழைய அயர்லாந்து நாட்டில் நம்பியதிலிருந்து வந்தது ஹாலோவீன் என்று சொன்னதும், “அப்ப மகாளயம் மாதிரி” என்றாள். அதற்கப்புறம் ஆட்சேபமே இல்லை. வாசலில் கோலம், அகல், பக்கத்தில் பூசணிக்காய். மிட்டாய் கேட்டு வந்த குழந்தைகளுக்கு அதிரசம் கொடுக்கிறேன் என்று நின்றவளைத்தான் தடுக்க வேண்டியிருந்தது. உறை பிரிக்காத மிட்டாயைத்தான் இங்கே வாங்குவார்கள்.

அந்த 12 அங்குலத்தானை என்ன செய்தோம் என்கிறீர்களா? பையன் அதைத் தபால் பெட்டியின் மேல் உட்கார வைத்து, கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டான். “நான் 12 அடி வளர்ந்திருக்க வேண்டியவன். பால் குடிக்கவில்லை.” அன்றிரவு தெருவில் அதிகம் பேர் படம் எடுத்துக்கொண்டது அதைத்தான். எதிர்வீட்டுக்காரர்கூடத் தன் ராட்சசனை விட்டுவிட்டு வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் கைப்பேசியில் மறுபடியும் அதே படம் வந்தது. அதே வீடு, அதே புல்வெளி, இடுப்புக்குக் கீழே சிரித்துக்கொண்டு நிற்கும் அதே ஆள். கடையின் பெயர் மட்டும் வேறு. விலை 64.99.