சொராரிட்டி கொடுத்த பார்க்கிங் இடம்

சித்தப்பா மகள் வரும் ஆகஸ்டில் நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே சேரப் போகிறாள். "அக்கா, சொராரிட்டியில் சேரலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று கேட்டிருந்தாள். சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் கட்டணம் கட்டிச் சேரும் மாணவியர் சங்கம். இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரும் எங்கள் சங்கத்தின் பெயரும் வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து அரசுப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்து காரில் வந்துபோகிறவர்களே அங்கே பெரும்பான்மை என்ற விவரம் போதும்.

அப்படிப்பட்ட இடத்தில் நட்பு தானாக முளைக்காது. செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாட்களுக்குள் எல்லா வகுப்புகளையும் அடைத்துக்கொண்டு மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பிற்பகல் ஆனதும் 405 நெடுஞ்சாலை நெரியத் தொடங்கும். அதற்கு முன் தப்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோர் முகத்திலும் இருக்கும். பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் தெரியாமலே ஒரு பருவம் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் வளாகம் அணில்களுக்குச் சொந்தம்.

சங்கத்தில் எனக்கு மூத்தவள் ஒருத்தியின் கார் டிக்கியை ஒருமுறை பார்த்தேன். காபிக் கடைச் சீருடை ஹேங்கரில், ஒரு தலையணை, பல் துலக்கும் பிரஷ், ஹீல்ஸ் ஒரு ஜோடி, முந்தைய பருவத்துக் கணக்கியல் புத்தகம், பேட்டரி இறங்கினால் இணைக்கும் கேபிள். விடுதி அறையில் இருக்க வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தன.

இப்போது குறைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்குச் சங்கக் கூட்டம். வாரம் தவறாது. வகுப்பே இல்லாத நாளில், கூட்டத்துக்காக மட்டும் கிளம்பி வர வேண்டும். சில சங்கங்களைப் போல உறுப்பினர்கள் சேர்ந்து குடியிருக்கும் சங்க வீடு எங்களுக்குக் கிடையாது. காவலர் வந்து பூட்டைத் திறந்துவிடும் வகுப்பறைதான் மன்றம். வராவிட்டால் அபராதம். வேலை என்று சொன்னால் மேலாளரிடமிருந்து கடிதம் கேட்பார்கள். அப்படி அரக்கப் பரக்க வந்து உட்கார்ந்தால், வரவேற்பு வாரத்துக்கான டி-ஷர்ட் இளஞ்சிவப்பா, பவளமா என்று தீர்மானம், வழிமொழிதல், திருத்தம், வாக்கெடுப்பு. சட்டமன்றத்தில்கூட இடையில் வெளிநடப்பு செய்யலாம், இங்கே அதற்கும் அபராதம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இந்தச் சங்கங்கள் மாணவர்கள் தங்கிப் படித்த கல்லூரிகளில் வளர்ந்தவை. நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா சொசைட்டி தொடங்கியது 1825இல். சங்க வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு ஞாயிறு கூட்டம் என்றால் மாடிப்படி இறங்கி வரும் வேலைதான். அதே வழக்கத்தைப் பொமோனாவிலிருந்தும் லாங் பீச்சிலிருந்தும் காரோட்டி வருகிறவர்கள் மேல் சுமத்துவது என்ன நியாயம்? தெற்காசியப் பெண்களுக்கான டெல்டா ஃபை ஒமேகா 1998இல் பிறந்ததே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில்தான். அங்கும் வெளியிலிருந்து வந்துபோகும் மாணவர்களே மிகுதி. ஆக, வீடு இல்லாமல் சங்கம் நடத்த முடியும் என்பது தெரிந்த விஷயம். எங்கள் தலைமையகத்துக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்தும். பார்க்கிங் பெர்மிட்டுக்குப் பணம் கட்டுவோம். அந்தப் பணம் வாங்கித் தருவது இடம் தேடும் உரிமையை மட்டும்தான். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் மாடி மாடியாகச் சுற்ற வேண்டியதுதான். அங்கேதான் எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு வேலை செய்தது. "நான்காம் மாடி, தூணுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற சிவிக், ஐந்து நிமிடத்தில் எடுக்கிறேன்" என்று ஒருத்தி போடுவாள். போகிறவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, வருகிறவள் வரும்வரை நகராமல் காத்திருப்பாள். பின்னால் ஹாரன் அடிக்கிறவரை இருவரும் கண்டுகொள்வதில்லை. கண்ணாடியை இறக்கி, தேர்வில் என்ன கேட்டார்கள், அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, நேற்று வேலையில் என்ன சண்டை என்று பேசுகிற அந்த அரை நிமிடத்தில் எனக்குக் கிடைத்த தோழிகள், ஞாயிறு கூட்டங்கள் எல்லாம் சேர்ந்தும் தராதவர்கள். எந்தத் துண்டறிக்கையிலும் இந்த வசதியை யாரும் அச்சடித்ததில்லை.

சித்தப்பாவுக்கு வேறு கவலை. அவர் கல்லூரியில் இருந்த காலத்தில்தான் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையானார்; அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே அதற்குப் பெயர் ஹேசிங். பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2005இல் சிக்கோ நகரில் ஒரு சங்க வீட்டில், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்க வைத்து ஒரு மாணவரின் உயிரைப் பறித்தார்கள். அதன்பின்தான் கலிபோர்னியா தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. எங்கள் சங்கத்தில் சேர்க்கைக் காலத்தில் தூக்கம் கெட்டது, வரலாற்றை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அதற்கு மேல் இல்லை. எல்லாச் சங்கங்களுக்கும் நான் உத்தரவாதம் தர முடியாது. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தவர் என்று சொன்னபோது சித்தப்பா கொஞ்சம் இளகினார்.

கட்டணம்? பருவத்துக்குப் பருவம் ஏறும். டி-ஷர்ட், விருந்து, மாநாடு என்று தனித்தனியாகவும் கறப்பார்கள். பகுதிநேர வேலைச் சம்பளத்தில் அது உறைக்கும்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டா என்று கேட்பாய். ஆமாம், இரண்டுதான், நேற்று பழைய உறுப்பினர்களுக்கும் ஆண்டுக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. சேருவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேள்: கூட்டம் எந்தக் கிழமை, அபராதம் எவ்வளவு. செவ்வாய் மதியம் என்று சொல்கிற சங்கம் எதுவானாலும், அதன் எழுத்துகளை உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் சேர்ந்துவிடு.