விலை கேட்பது வேறு, கேபின் பிடிப்பது வேறு: ஒரே குரூஸுக்கு எத்தனை ஏஜென்ட்?

குரூஸ் போகலாம் என்று முடிவானதும் இரண்டு மூன்று டிராவல் ஏஜென்ட்களிடம் விலை கேட்பது வழக்கம். முதல் ஏஜென்ட் "கேபினைப் பிடிச்சு வைக்கட்டுமா?" என்பார். சரி என்போம். அடுத்தவரும் அதையே கேட்பார். அவருக்கும் சரி என்போம். பணம் கட்டவில்லை, கார்டு நம்பர் கூடக் கொடுக்கவில்லை, இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பல வருடங்கள் நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏழு இரவுப் பயணம் ஒன்றுக்கு, கப்பலின் பின்பக்கம் பார்த்த பால்கனி கேபின் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். பால்கனியில் உட்கார்ந்தால் கப்பல் கிழித்துவிட்டு வரும் நீர்த்தடம் நேராகக் கண்ணில் படும். எந்தக் கப்பலிலும் இந்த வகை கேபின்கள் கொஞ்சம்தான். முதல் ஏஜென்டிடம் சொல்லி, ஒன்பதாம் தளத்தில் ஒன்றைப் பிடித்து வைத்தாயிற்று. மதியம் இன்னொரு ஏஜென்டிடம் அதே கேபின் நம்பரைச் சொல்லி விலை கேட்டேன். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் தேடியிருக்கிறார், கப்பல் நிறுவனத்தின் உதவி எண்ணிலும் கேட்டிருக்கிறார். மாலையில் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க கேட்ட கேபினை இன்னைக்குக் காலையில யாரோ எடுத்துட்டாங்க."

அந்த யாரோ நான்தான். உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவை முதல்லயே சொல்லிடுங்க, விலை மட்டும் பார்த்துத் தர்றேன்" என்றார். கோபப்படவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதன் பிறகு, ஒரு குரூஸை எந்தெந்த வழியில் புக் செய்யலாம், எதில் யாருக்கு என்ன பாதிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் இந்த ஹோல்ட் என்பது என்னவென்று பார்ப்போம். சிலர் இதை ஆப்ஷன் என்பார்கள். டெபாசிட் வாங்காமல் ஒரு குறிப்பிட்ட கேபினை உங்கள் பெயரில் ஒதுக்கி வைப்பதுதான் ஹோல்ட். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை நிற்கும். கெடு முடிந்ததும் தானாகவே விடுபட்டுவிடும். கப்பல் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டாலோ, சலுகைக் கட்டணமாக இருந்தாலோ ஹோல்ட் கிடைக்காமலும் போகலாம். எந்த ஏஜென்டிடம் போனாலும் அவர் பார்ப்பது கப்பல் நிறுவனத்தின் ஒரே கேபின் பட்டியலைத்தான். குழுவுக்காக ஏற்கெனவே ஒதுக்கி வாங்கிய கேபின்கள் மட்டும் விதிவிலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். ஒருவர் பிடித்த கேபின் அந்த நொடியே மற்ற எல்லோருடைய திரையிலிருந்தும் மறைந்துவிடும்.

பல ஏஜென்ட், பல ஹோல்ட்

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்ல ஒரே ஒரு நியாயம் இருக்கிறது. குரூஸ் கட்டணம் ஒரே இரவில் மாறக்கூடியது. இரண்டு இடத்தில் பிடித்து வைத்தால் இரண்டு இடத்திலும் இன்றைய விலை நிற்கும், நிதானமாக ஒப்பிடலாம் என்பார்கள். ஆனால் ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே வகை கேபின் என்றால் அடிப்படைக் கட்டணம் இரண்டு ஏஜென்டிடமும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதை வைப்பது கப்பல் நிறுவனம். கப்பலில் செலவழிக்கத் தரும் கிரெடிட், முன்கூட்டியே கட்டித் தரும் டிப்ஸ், ஏஜென்சி வசூலிக்கும் கேன்சல் கட்டணம் போன்றவற்றில்தான் வித்தியாசம் இருக்கும். இதையெல்லாம் ஒப்பிட எழுத்தில் ஒரு கொட்டேஷன் போதுமே, ஹோல்ட் எதற்கு?

கெடுதலைப் பார்த்தால் பட்டியல் நீளம். ஒரே பெயரில் ஒரே பயணத்துக்கு இரண்டு பதிவு இருப்பது கப்பல் நிறுவனத்தின் கண்ணில் படக்கூடியது. அந்த நிறுவனம் வழக்கமான பயணிகளுக்குத் தரும் உறுப்பினர் எண்ணைக் கொடுத்திருந்தால் இன்னும் சுலபமாகப் படும். "ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்று நிறுவனம் ஏஜென்டைக் கேட்கலாம், தானே ஒன்றை ரத்தும் செய்யலாம். எது ரத்தாகும் என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டில் நல்ல கேபின் போய்விடக்கூடும்.

பாதிப்பு அதோடு நிற்பதில்லை, நாம் பார்க்காத யாரோ ஒருவரையும் போய்ச் சேருகிறது. 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் 2,805 கேபின்கள் இருக்கின்றன. அவ்வளவு இருக்கும்போது ஒன்றைக் கூடுதலாகப் பிடித்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அதே கப்பலில் மூன்று தள உயரத்துக்கு எழுப்பிய குடும்ப வீடு ஒன்றே ஒன்றுதான். தனியாகப் பயணிப்பவர்களுக்கான கேபின்களும் அப்படித்தான். 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் அந்த வகையில் 128 இருந்தபோது அதுவே பெரிய செய்தியானது, அதற்கு முன் தனியாள் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவுள்ள கேபின்களை எந்தக் கப்பலிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேவையில்லாமல் இப்படி ஒன்றை மூன்று நாள் அடைத்து வைத்தால், அந்த மூன்று நாளில் தேடி வந்த ஒருவர் இடமில்லை என்று திரும்பிப் போயிருப்பார்.

நான்கு பேர் குடும்பமாக ஹோல்ட் போடும்போது இன்னொன்றும் நடக்கும். ஒவ்வொரு கேபினும் ஆபத்து நேரத்தில் போய் நிற்க வேண்டிய ஓர் இடத்தோடும், அங்கிருந்து ஏற வேண்டிய உயிர்காப்புப் படகோடும் இணைந்தது. படகில் இத்தனை பேர்தான் என்ற கணக்கு உண்டு. அதனால் மூன்றாவது, நான்காவது படுக்கை கேபினில் இருந்தாலும், அந்தப் பகுதியின் கணக்கு நிறைந்துவிட்டால் கணினி மூன்றாவது ஆளை ஏற்காது. ஒரு குடும்பம் இரண்டு இடத்தில் நான்கு பேர் கேபின் பிடித்தால் எட்டுப் பேர் இடம் போகிறது. பக்கத்துக் கேபின் காலியாக இருந்தும், "குழந்தையைச் சேர்க்க முடியவில்லை" என்று வேறொரு குடும்பத்துக்குப் பதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்புறம் ஏஜென்ட். விலை சொல்வதற்கும் கேபின் தேடுவதற்கும் கப்பல் நிறுவனம் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. கமிஷன்தான் வருமானம். அது பொதுவாக 10 சதவீதத்தில் தொடங்கும், நிறைய விற்கும் ஏஜென்சிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் நீங்கள் கட்டும் முழுத்தொகைக்கு அல்ல. வரி, துறைமுகக் கட்டணம், கமிஷன் இல்லை என்று ஒதுக்கிய கட்டணப் பகுதி எல்லாம் போக மீதிக்குத்தான். வீட்டிலிருந்தே தனியாக இந்தத் தொழில் செய்பவர்களில் பலர் அதிலும் ஒரு பங்கைத் தாங்கள் சார்ந்திருக்கும் பெரிய ஏஜென்சிக்குக் கொடுக்க வேண்டும். பணம் கைக்கு வருவது நீங்கள் முழுத்தொகை கட்டிய பிறகு, சில சமயம் கப்பல் கிளம்பிய பிறகு. கேன்சல் ஆன ஹோல்டுக்கு ஒன்றுமே இல்லை. எனக்காக அந்தப் பெண் தேடிய முக்கால் மணி நேரத்துக்கு வந்த கூலியும் அவ்வளவுதான்.

பலரிடம் விலை, ஒருவரிடம் ஹோல்ட்

நான் இப்போது செய்வது இதுதான். மற்றவர்களுக்கும் இதையே சொல்வேன். விலை கேட்பதில் எந்தத் தவறும் இல்லை, எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கும் விதத்தில்தான் முறை இருக்கிறது.

எல்லோருக்கும் ஒரே விவரத்தைக் கொடுங்கள். கப்பல் பெயர், கிளம்பும் தேதி, கேபின் வகை, எத்தனை பேர், குழந்தைகளின் வயது, இவ்வளவு போதும். ஒருவரிடம் உள்பக்கக் கேபினும் இன்னொருவரிடம் பால்கனியும் கேட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை. வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் சேர்த்த முழுத்தொகையை எழுத்தில் கேளுங்கள். பிறகு விலை இறங்கினால் அதைக் கவனித்துக் குறைத்து வாங்கித் தருவது அவர் வேலையா, நம் வேலையா என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் முழுத்தொகை கட்டும் கெடுவுக்கு முன் விலை இறங்கினால் புது விலைக்கு மாற வழி இருக்கிறது. அதைத் தானே கவனிக்கும் ஏஜென்ட், சிறிது கிரெடிட் அதிகம் தருபவரைவிட மேல் என்பது என் அனுபவம்.

முக்கியமானது, முதல் வரியிலேயே "இன்னும் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன், இப்போதைக்கு ஹோல்ட் வேண்டாம்" என்று எழுதிவிடுவது. இதைச் சொன்னால் சரியாகக் கவனிக்க மாட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. போட்டி இருப்பது தெரிந்தால் தன்னால் முடிந்த நல்ல விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறார். பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண் இவற்றை முடிவெடுக்கும் வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். சில ஏஜென்ட்கள் விலை பார்க்கும்போதே வழக்கமாக ஹோல்டும் போட்டுவிடுவார்கள். நாம் கேட்காமலே இரட்டைப் பதிவு உருவாவது இப்படித்தான்.

ஒப்பிடுவதற்குள் விலை ஏறிவிட்டால்? அந்தக் கவலை நியாயம்தான். அதற்கு ஒரு ஹோல்ட் போதும். யார் மேல் நம்பிக்கையோ அவரிடம் போடுங்கள். மற்றவர்களிடம் ஒளிக்காமல் "ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன், நாளை சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் டெபாசிட்

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, செய்யாதீர்கள். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்தானே என்று கட்டுகிறார்கள். திரும்பக் கிடைக்காத டெபாசிட் என்ற நிபந்தனையோடு விலை குறைத்து விற்பதும் இன்று சாதாரணம், இரண்டும் திரையில் அடுத்தடுத்த வரியில் இருக்கும். கப்பல் நிறுவனம் முழுதாகத் திருப்பித் தந்தாலும் ஏஜென்சி தன் கேன்சல் கட்டணத்தைப் பிடிக்கலாம். முழுத்தொகை கட்டும் கெடு பொதுவாகக் கிளம்புவதற்கு 75 முதல் 120 நாளுக்கு முன் வரும். இரண்டில் ஒன்றை மறந்து அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் அபராதம் படிப்படியாக ஏறி, கடைசியில் மொத்தப் பணமும் போய்விடும். ஹோல்ட் மூன்று நாள் என்றால் டெபாசிட் மாதக்கணக்கில் இடத்தை அடைக்கும். ஏஜென்டும் அதுவரை அந்தக் கமிஷனை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்.

நேரடியாகப் பிடித்து, பிறகு ஏஜென்டிடம் மாற்றுவது

கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே தள வரைபடத்தைப் பார்த்து கேபினைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்தப் பதிவை ஒரு ஏஜென்டுக்கு மாற்றிக் கொடுக்கலாம். பல நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. 30 நாளோ 60 நாளோ ஒரு கெடு இருக்கும், முழுத்தொகை கட்டியிருக்கக் கூடாது. தேடும் வேலையை நீங்களே செய்துவிட்டு, பின்னால் வரும் விலைக் கண்காணிப்பு, மாற்றம், சிக்கல் எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றால் இது இரண்டு பேருக்கும் நல்ல ஏற்பாடு. ஏஜென்டுக்குத் தேடும் உழைப்பு மிச்சம்.

ஆனால் இரண்டு வாரம் ஒருவரிடம் எந்தத் தளம் அமைதி, எந்தக் கேபினுக்கு மேலே நீச்சல் குளம் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே கேபினை நேரடியாக எடுத்து வேறொருவரிடம் மாற்றுவது, இரட்டை ஹோல்டைவிட மோசம் என்பேன். யார் உழைத்தாரோ அவரிடமே மாற்றுங்கள். ஒரு ஏஜென்டிடம் போட்ட பதிவை இன்னொரு ஏஜென்டுக்கு மாற்றுவது அவ்வளவு எளிதல்ல என்பதும் நினைவிருக்கட்டும். பெரும்பாலும் முதல் ஏஜென்சி விட்டுக்கொடுக்க வேண்டும்.

சில ஏஜென்சிகள் ஒரு பயணத்துக்கு முன்கூட்டியே குழு ஒதுக்கீடாகக் கேபின்களை வாங்கி வைத்திருக்கும். அன்றைய விலை ஏறியிருந்தாலும் ஒதுக்கீட்டு விலை பழையதாகவே இருக்கலாம். விலையில் உண்மையான வித்தியாசம் கிடைக்கும் இடம் இதுதான். "இந்தத் தேதிக்கு உங்களிடம் குரூப் கேபின் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வி, மூன்று இடத்தில் ஹோல்ட் போடுவதைவிடப் பலன் தரும்.

இரண்டு ஹோல்ட் சரியாகும் இடம்

விடுமுறை உறுதியாகவில்லை, இரண்டு தேதிகளில் எது கிடைக்கும் என்று தெரியவில்லை. அல்லது இரண்டு கப்பல்களில் எதற்கு மற்றவர்கள் சம்மதிப்பார்கள் என்று தெரியவில்லை. இங்கே இரண்டு ஹோல்ட் நியாயமான தேவைதான். ஒரே ஏஜென்டிடம் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், அவரே இரண்டையும் பிடித்துத் தருவார், எது விட்டாலும் மற்றது அவருக்கு நிற்கும். உறவினர்கள் கூட்டமாகப் போகும் பயணத்தில் அவர்களுடைய ஏஜென்ட் உங்கள் பெயரிலும் ஒரு கேபின் ஒதுக்கியிருக்கலாம். அப்போது உங்கள் வழக்கமான ஏஜென்டிடம் அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு விலை கேளுங்கள்.

முடிவெடுத்த அன்றே மற்றவர்களுக்குத் தகவல் போய்விட வேண்டும். "தானாக விடுபட்டுவிடுமே" என்று பேசாமல் இருப்பதைத்தான் ஏஜென்ட்கள் அதிகம் நொந்துகொள்கிறார்கள். கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்புவரை அவர் உங்களுக்கு போன் செய்துகொண்டிருப்பார். நான் அனுப்புவது இரண்டே வரி: "நீங்கள் பார்த்துத் தந்ததற்கு நன்றி. வேறொருவரிடம் புக் செய்துவிட்டேன், அவர் குரூப் விலை கொடுத்தார். என் பெயரில் ஏதாவது ஹோல்ட் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்." காரணத்தையும் எழுதுங்கள். அடுத்த வாடிக்கையாளருக்கு எதைக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். விட்டுவிட்டேன் என்ற பதிலும் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் விடாத ஹோல்ட் உங்கள் புது புக்கிங்கோடு மோதலாம். கெடு எந்த ஊர் நேரப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "நாளை இரவு வரை" என்று ஏஜென்ட் சொன்னால் அது கப்பல் நிறுவனம் இருக்கும் ஊரின் இரவாக இருக்கலாம், உங்களுக்கு அப்போது மறுநாள் விடிந்திருக்கும்.