கோண்டாவில் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக ஓடும் சேர்வர்

எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெசினுக்கும் புத்தக அலுமாரிக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதுதான் எங்கள் சேர்வர்: வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து, வலைப்பின்னல் வழியே எல்லோருக்கும் கொடுக்கும் கணினி. 2021 ஜனவரியிலிருந்து அது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அலுவலகமொன்றில் கழித்துவிட்ட கணினியை யாழ்ப்பாண நகரில் பழைய கணினி விற்கும் கடையில் வாங்கினேன். 8 ஜிபி நினைவகம், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி., தரவுக்கு 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு. இயங்குதளம் டெபியன் லினக்ஸ். ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை யு.பி.எஸ். (மின்சாரம் நின்றால் சிறிது நேரம் தாங்கும் கருவி) பேட்டரியையும் ஒரு முறை ரவுட்டரையும் மாற்றியிருக்கிறேன். தட்டுகள் அதே தட்டுகள்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்துவதாக 2020 நவம்பரில் அறிவித்தது. பலரைப் போல நானும் அப்போதுதான் வேறு வழி தேடினேன். ஆனால் எங்கள் வீட்டில் படங்களைப் பற்றிய கவலை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழும்பி, கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவின் கையில் ஒரு ரெக்சின் பை இருந்தது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அப்பாவின் வேலைக் கடிதங்கள். அவற்றோடு ஒன்பது படங்களும் ஒரு கடித உறையில் தற்செயலாகக் கிடந்தன. இரண்டு அல்பங்கள் அலுமாரியின் மேல் தட்டிலேயே நின்றுவிட்டன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூரையில் ஓடில்லை. மாரி மழை முழுவதும் அந்த அல்பங்களின் மேல் பெய்திருந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன.

எங்கள் பழைய படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் லண்டன் மாமாவிடமிருந்து வந்தவை. எண்பதுகளில் அம்மம்மா அவருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் ஒன்றிரண்டு படங்களையும் உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். மாமா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். 2019இல் ஊருக்கு வந்தபோது அந்த டின்னை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தேன். அஞ்சலட்டை அளவுப் படம் ஒன்று சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 எம்பி வரும். அந்தக் கோப்புறைதான் இந்தச் சேர்வரின் முதல் சரக்கு.

தட்டில் கோப்புகளை ஒழுங்காக எழுதிவைக்க இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையைத் தேர்ந்தேன். இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு எழுதப்படுகிறது, ஆகவே கையில் கிடைப்பது ஒரு தட்டின் கொள்ளளவுதான். இந்த முறைமை ஒவ்வொரு துண்டுத் தரவுக்கும் சரிபார்ப்புத் தொகை ஒன்றை வைத்திருக்கிறது. மாதம் ஒரு முறை முழுவதையும் வாசித்து ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். ஒரு தட்டில் பிழை இருந்தால் மற்றத் தட்டிலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். 2022இல் ஒரு தட்டில் இப்படிப் பிழைகள் அடுத்தடுத்து வந்தன. தட்டு போய்விட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கக் காசும் எடுத்து வைத்துவிட்டேன். பிறகு தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தபோது, பழுதடைந்த பகுதிகளைச் சொல்லும் 5ஆம், 197ஆம் எண்களில் பூச்சியமே இருந்தது. ஏறியிருந்தது 199ஆம் எண். அது தட்டுக்கும் கணினிக்கும் இடையிலான கேபிளில் வரும் பிழைகளின் கணக்கு. சில நூறு ரூபாய்க் கேபிளை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. அந்த எண் திரும்பப் பூச்சியத்துக்கு வராது. ஆனால் அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. தட்டைக் கழற்றி எறிய நினைப்பவர்கள் தயவுசெய்து முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

இடம் நிறைந்தது தம்பியால். அவன் கலியாணவீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். 4கே படப்பதிவு வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கமராக்கள், காலையிலிருந்து இரவு வரை என்றால் ஒரு கலியாணமே பல நூறு ஜிபியை விழுங்கிவிடும். ஒரு நாள் பழைய கலியாணங்கள் மூன்றை அழித்தான். இடம் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை. அன்றைய நிலையை அப்படியே பிடித்துவைக்க நாள்தோறும் எடுக்கப்படும் ஸ்நாப்ஷாட்டுகள் அழித்த கோப்புகளை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. அது அந்த முறைமையின் பழுதன்று. அதன் வேலையே அதுதான். இப்போது அவனுக்குத் தனிப் பகுதி, அதற்கு 1.5 டெராபைட் எல்லை. அங்கே ஸ்நாப்ஷாட் ஏழு நாளுக்கு மட்டும். குடும்பப் படங்களின் பகுதியில் ஓராண்டுக்கு.

இனி மின்சாரம். இங்கே சேர்வர் வைக்க நினைப்பவர் தட்டுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 650 விஏ யு.பி.எஸ். ஒன்று எனக்கு முதலில் முக்கால் மணி நேரம் கொடுத்தது. அதற்குள் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது. நமது வெக்கையில் அது இரண்டு, இரண்டரை ஆண்டுகளே தாங்கும். தேயும்போது சொல்லிவிட்டுத் தேயாது. ஒரு நாள் பார்த்தால் முக்கால் மணி நேரம் ஆறு நிமிடமாகியிருந்தது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை செருகியை நானே கழற்றி, மணிக்கூட்டை வைத்துப் பார்க்கிறேன்.

யு.பி.எஸ்.ஸை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து நட் என்ற மென்பொருளை நிறுவினால், பேட்டரி குறையும்போது சேர்வர் முறையாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். அது வரை எல்லாரும் சொல்வார்கள். மீண்டும் எழும்புவதில் ஒரு பொறி இருக்கிறது. மின்சாரம் வந்தவுடன் தானாக இயங்கும்படி கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அமைத்திருந்தேன். ஆனால் சேர்வர் நின்ற பிறகு, யு.பி.எஸ். முழுதாக வற்றுவதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டால், கணினியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. ஆகவே அது எழும்பாது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் முழுவதும் இப்படியே கிடந்தது. சேர்வர் நின்றதும் யு.பி.எஸ்.ஸும் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்படி நட் கட்டளையிட முடியும், என் யு.பி.எஸ். அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. கடைசியில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றைச் சுவர்ச் செருகியில் நேரடியாக மாட்டினேன். மின்சாரம் வந்து ஐந்து நிமிடத்தில் அது வலைப்பின்னல் வழியே சேர்வரைத் தட்டி எழுப்புகிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு முறையும் தவறவில்லை.

இடி மின்னலிலும் ஒரு முறை அடிபட்டோம். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னல் ரவுட்டரையும் சேர்வரின் வலைப்பின்னல் துறையையும் கருக்கியது. செருகியைக் கழற்றியிருந்தோம், தொலைபேசிக் கம்பியைக் கழற்றவில்லை. இப்போது கண்ணாடியிழை இணைப்பு. அதன் வழியே மின்னல் வராது என்பது அதன் வேகத்தைவிட எனக்குப் பெரிய ஆறுதல்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசு எல்லாவற்றுக்குள்ளும் போகும். விசிறியின் முன் மெல்லிய வலை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தூரிகை. பங்குனி, சித்திரை வெக்கையில் தட்டுகள் 48 பாகை வரை போயின. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததும் 43க்கு இறங்கின.

தட்டுகள் இரண்டு இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கும் நண்பர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: ஒரு தட்டில் அழித்தால் அதே நொடியில் மற்றத் தட்டிலும் அழிகிறது. தீ, வெள்ளம், களவு எல்லாம் பெட்டியை முழுதாகவே கொண்டுபோகும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் எழுதிப் பரவலாக்கினார். எங்கள் வீட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அலுமாரியில் இருந்த அல்பம் போனது, லண்டனில் இருந்த டின் தங்கியது.

வேறிடம் என்று ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டைத் தேர்ந்தோம். 1.3 டெராபைட்டை இங்கிருந்து வினாடிக்கு 10 மெகாபிட் வீதம் அனுப்பினால், ஒரு நொடியும் விடாமல் ஓடினாலும் 12 நாள். மின்வெட்டையும் இணைப்பு அறுவதையும் சேர்த்தால் மாதக் கணக்கு. 2023இல் நல்லூர்த் திருவிழாவுக்கு அக்கா வந்தார். ஒரு தட்டில் முழுப் பிரதியையும், திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து எழுதி, அவருடைய கைப்பையில் இரண்டு சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினேன். அங்கே அதை ஒரு ராஸ்பெர்ரி பையோடு இணைத்தோம். அதன் பின் ஒவ்வொரு இரவும் 2.30க்குப் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் போகின்றன. பெரும்பாலும் சில நூறு எம்பிதான். தம்பியின் மூலப் பதிவுகள் இதில் சேரா. முடிந்த படங்கள் மட்டும்.

இந்தப் பிரதியெடுப்புக்குப் போர்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். 2024 பெப்ரவரியில், ஆறு மாதம் பிழையில்லாமல் ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மடிக்கணினியில் அமர்ந்து, சேர்வரே எரிந்துபோனது என்று வைத்துக்கொண்டு மீட்டெடுக்க முயன்றேன். கடவுச்சொல் சரியாக இருந்தது. ஆனால் திறக்கவில்லை, திறவுகோல் கோப்பைக் காணவில்லை என்றது. தொடக்கத்தில் நான் தெரிவு செய்திருந்த முறையில் திறவுகோல் பிரதியோடு சேராமல் சேர்வரிலேயே தனிக் கோப்பாக இருக்கும். அந்தச் சேர்வர் உண்மையில் எரிந்திருந்தால், அக்கா வீட்டுத் தட்டில் 1.3 டெராபைட் வெறும் இரைச்சலாகவே கிடந்திருக்கும். கடவுச்சொல் தெரிந்தும் ஒரு படத்தைக்கூட எடுத்திருக்க முடியாது. அன்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அந்தத் திறவுகோலைத் தாளில் அச்சிடுவதற்கென்றே போர்க்கில் ஒரு கட்டளை இருக்கிறது. வரி வரியாக எண்களும் எழுத்துகளும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் தட்டெழுத்துப் பிழையைப் பிடிக்கும் சரிபார்ப்பு. இரண்டு தாள் அச்சிட்டேன். ஒன்றை அக்காவுக்கு அனுப்பினேன். மற்றதை அம்மாவிடம் கொடுத்தபோது, “இது என்ன தம்பி?” என்று கேட்டார். விளக்கியதும் அலுமாரியைத் திறந்து, அந்தப் பழைய ரெக்சின் பையை எடுத்து, காணி உறுதிக்கு அடியில் வைத்தார்.

இரண்டாவது குறை அதே நாளில் தெரிந்தது. படங்களைப் பார்க்க நாங்கள் பயன்படுத்தும் இம்மிச் செயலி யார் எந்தப் படத்தில், எந்த அல்பத்தில் என்பதைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே பிரதியெடுத்தால் மீட்டெடுத்த பின் எழும்பாமல் போகலாம், எனக்கு எழும்பவில்லை. இப்போது 2 மணிக்குத் தரவுத்தளம் தனியாக இறக்கி எழுதப்படுகிறது, அரை மணி கழித்துப் பிரதி தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, சேர்வரைத் தொடாமல், தாளும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு மீட்டுப் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து அணுகுவதில் எங்களுக்கு ஒரு தடை உண்டு. ரவுட்டரில் தெரியும் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால், அது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு. ரவுட்டரில் எந்த வாயிலை (போர்ட்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. முதலில், நம் கருவிகளை ஒரு தனி வலைப்பின்னலாக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போட்டேன். கால் மணி நேரத்தில் என் கைத்தொலைபேசியிலிருந்து வேலை செய்தது, ஓராண்டுக்கு மேல் குறையில்லாமல் ஓடியது. இப்போது தொடங்குபவருக்கு அதையே சொல்வேன்.

நான் மாறியது மாமாவுக்காக. எழுபது கடந்தவர், லண்டனில் தனியாக இருக்கிறார். அவருடைய தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவி உள்நுழையச் செய்வது நடக்கவில்லை. அவருக்குத் தட்டினால் திறக்கும் ஓர் இணைப்பு வேண்டும். அதனால் சிங்கப்பூரில் மாத வாடகைக்கு ஒரு சிறு சேர்வர் எடுத்து, அதற்கும் வீட்டுக்கும் இடையே வயர்கார்ட் என்ற மென்பொருளால் மறையாக்கிய தனி வழி ஒன்றை, அதாவது ஒரு சுரங்கத்தை, அமைத்தேன். வீட்டிலிருந்து 25 வினாடிக்கு ஒரு முறை சிறு பொட்டலம் போகும்படி வைக்காவிட்டால் இடையிலுள்ள கருவிகள் அந்த வழியை மறந்துவிடும். வாடகைச் சேர்வரில் முதல் இரவிலேயே கடவுச்சொல்லை ஊகித்து நுழைய ஆயிரக்கணக்கான முயற்சிகள் பதிவாகியிருந்தன. கடவுச்சொல் வழியை அடைத்து, திறவுகோல் கோப்பு உள்ளவர் நுழையும் வழியை மட்டும் விட்டேன்.

இணைப்பை அனுப்பிய அன்று இரவு மாமா அழைத்தார். டின்னில் தான் பல ஆண்டு வைத்திருந்த படங்களே அவை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. “கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிறதே, அது எங்கள் அப்பா அல்லவா?” என்றார். அம்மாவிடம் காட்டினேன். அம்மப்பாதான். அவருடைய படம் எங்களிடம் அதுவரை இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி சராசரியாக 35 வாட் இழுக்கிறது, மாதம் ஏறத்தாழ 25 அலகு. நமது கட்டணம் படிப்படியாக ஏறுவதால் அந்த 25 அலகு மொத்தக் கட்டணத்தையும் மேல் படிக்குத் தள்ளிவிடக்கூடும். வாங்குமுன் உங்கள் சிட்டையைப் பாருங்கள். புதிதாகத் தொடங்கினால் இன்டெல் என்100 போன்ற குறைந்த மின்சாரச் சில்லு உள்ள சிறிய கணினியைத் தேடுவேன்.

தட்டுகள் இரண்டும் 43,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன. ஒன்றாக வாங்கியவை ஒன்றாகவே போகலாம் என்பதால் ஒன்றை இந்த ஆண்டே மாற்றப் போகிறேன், மற்றதை அடுத்த ஆண்டு. கழற்றும் தட்டு தம்பியின் மேசைக்குப் போகும். அக்கா அடுத்த திருவிழாவுக்கு வரும்போது அங்குள்ள தட்டையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே முழுவதும் சரிபார்த்து, மறுபடி சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும்.