உஷாகாவா, வைல்ட் வேவ்ஸா? பல கோடைகள் போய்வந்த பிறகு

மூத்தவன் இடுப்பில் இருந்த காலம் தொடங்கி அவனுக்கு மீசை அரும்பும் இந்த வயது வரை, எங்கள் குடும்பம் இரண்டு தண்ணீர்ப் பூங்காக்களுக்கும் மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பாயின்ட் பகுதியில் இருக்கும் உஷாகா ஒன்று. போர்ட் எட்வர்டைத் தாண்டி, வைல்ட் கோஸ்ட் சன் விடுதி வளாகத்தில் இருக்கும் வைல்ட் வேவ்ஸ் மற்றொன்று. எங்கள் கோடை விடுமுறையான டிசம்பர் நெருங்கியதும், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் உறவினர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எங்கே சறுக்கு உயரம், எங்கே டிக்கெட் மலிவு என்றுதான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே: உங்களோடு வருபவர்களில் தண்ணீரில் இறங்காதவர் யார்? அவருக்கு அன்று பொழுது எப்படிப் போகும்?

எங்கள் வீட்டில் அது என் மாமியார். பிள்ளைகளுக்கு ஆயா, அதாவது பாட்டி. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பேரப் பிள்ளைகள் போகும் இடத்துக்கெல்லாம் வரவேண்டும் என்ற ஆசை குறையவில்லை. நாங்கள் நீந்தி விளையாடும் நேரம் முழுவதும் அவர் பைகளுக்குக் காவலாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால் அதைக் குடும்பச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த வகையில் உஷாகாவுக்கு ஈடு இல்லை. 2004-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் வெட் அண்ட் வைல்ட் என்ற தண்ணீர்ப் பூங்காவோடு சீ வேர்ல்ட் என்ற மீன் காட்சியகமும் சேர்ந்தே இருக்கிறது. உடைந்து கரை ஒதுங்கிய பழைய சரக்குக் கப்பலைப் போல அதை அமைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளிர்ச்சியான இருட்டில், கண்ணாடிக்குப் பின்னால் சுறாவும் திருக்கையும் நீந்துவதை ஆயா அலுக்காமல் பார்ப்பார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வாங்கலாம். கடைத் தெருவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வெளியே வந்தால் சமதளமான கடலோர நடைபாதை. வலிக்கும் காலுக்கும் அது ஒத்துவரும்.

அந்த நடைபாதையில் அவரோடு நடக்கும்போது எனக்கு ஒன்று நினைவில் ஓடிக்கொண்டே இருக்கும். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் டர்பன் கடற்கரைகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும்தான் குளிக்க முடிந்தது. எல்லாக் கடற்கரைகளையும் எல்லாருக்கும் திறக்கும்படி அன்றைய அதிபர் டி கிளார்க் 1989 நவம்பரில்தான் சொன்னார். சட்டம் நீங்கியது 1990-இல். இளம் வயதில் கால் வைக்க முடியாத மணலில் இன்று பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்கிறார். அதனால், வெறும் பொழுதுபோக்கு இடமாக மட்டும் உஷாகாவை என்னால் பார்க்க முடியவில்லை.

சிறுவர்களுக்கு ஆழமில்லாத குளங்கள் உண்டு. ரப்பர் வளையத்தில் மிதந்தபடியே பூங்காவைச் சுற்றிவரும் ஆறு என் கணவருக்குப் பிடித்தது. பிற்பகலில் வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் நனைந்த குழந்தைகள் நடுங்குவார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு கொண்டுபோங்கள். கடலிலும் இறங்க நினைத்தால் அன்றைய நீரின் தரம் பற்றி மாநகராட்சி வெளியிடும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து கடற்கரைகள் மூடப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வைல்ட் வேவ்ஸ் வேறு வகை. டர்பனிலிருந்து தெற்கே சுமார் 170 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், வழியில் சுங்கமும் கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பயணமே எனக்குப் பிடிக்கும். உம்சிண்டோ பக்கம் கரும்புத் தோட்டங்கள் தெரிந்ததும், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து அங்கே கரும்பு வெட்டியவர்களைப் பற்றி ஆயா பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்குவார். உம்தம்வுனா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கிழக்கு கேப் மாகாணம். விடுதி 1981-இல் திறந்தபோது அந்த நிலம் டிரான்ஸ்கை; நிறவெறி அரசு தனி நாடு என்று பெயரளவில் பிரித்து வைத்திருந்த கறுப்பினப் பகுதி. தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை இருந்த காலம் அது. எல்லை தாண்டினால் தடை இல்லை. மூத்த தலைமுறை அந்த இடத்தைக் காசினோவாகத்தான் அறியும். தண்ணீர்ப் பூங்கா வெகு காலம் கழித்து வந்தது.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் வைல்ட் வேவ்ஸைச் சொல்வேன். ஒரு நாளில் போய்த் திரும்புவது வீண் அலைச்சல். விடுதியில் ஓர் இரவு தங்கினால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன். நகரத்தின் இரைச்சல் இல்லை. பிள்ளைகள் சறுக்குக்குச் சறுக்கு ஓடலாம். ஆனால் காசினோவில் நாட்டமில்லாத முதியவருக்குப் பசும்புல்லும் கடல் காட்சியும் தவிர அதிகம் இல்லை. அங்கே கடல் பார்க்க அழகு. சிறு குழந்தையை அதில் இறக்க நான் துணியமாட்டேன்.

இரண்டு இடத்துக்கும் பொதுவாகச் சில சொல்கிறேன். பருத்திச் சுடிதாரோடு சறுக்கில் ஏற முடியாது. முழுக்கை லைக்ரா சட்டையும் கறுப்பு லெகிங்ஸும் வாங்கி வையுங்கள். கூச்சமும் இல்லை, தோளும் கருகாது. பெரிய சறுக்குகளுக்கு உயர அளவு உண்டு. வீட்டிலேயே அளந்து பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் வாசலில் அழுகை இருக்காது. இடி மின்னல் வந்தால் சறுக்குகளை நிறுத்திவிடுவார்கள். நம் கோடையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி சேர்க்காத குடும்பம் என்றால் வீட்டிலேயே ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுக் கிளம்புவது நல்லது.

டிசம்பர் 26, ஜனவரி 1 ஆகிய இரு நாள்களில் ஊரே கடற்கரையில் இருக்கும். உஷாகா பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். புத்தாண்டு முடிந்து பள்ளி திறப்பதற்கு முன் வரும் வார நாள்களே ஏற்றவை. ஜொகானஸ்பர்க்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள். இந்த முறை சின்னவளும் ஆயாவும் வருவதால் உஷாகா. பெரியவனும் அவன் மாமா பிள்ளைகளும் ஈஸ்டர் விடுமுறையில் வைல்ட் வேவ்ஸ் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.